கங்கம்மாவின் ஓடுதளம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பெயர் நிவேதிதா, சொந்த ஊர் திருச்சி. நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்.

"சார், உங்க பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணுலயும் கடைசியில 'நடந்து பார்க்கப்பட்டது'ன்னு ஒரு வரி வருது. அப்படின்னா என்ன சார்?"

"நடந்து பார்த்தோம்னு அர்த்தம்மா."

"ரன்வே முழுக்கவா?"

"முழுக்க. போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம்."

இப்போது ட்ரோனைப் பறக்கவிட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களாம். விரிசலின் அகலத்தைக்கூட அது படத்திலேயே அளந்துவிடுகிறதாம். நல்லதுதான், எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண், "முடிஞ்சா எழுதிக் குடுங்க சார், எப்படி இருந்துச்சுன்னு" என்று கேட்டுவிட்டார். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அவர் கேட்டது வேலை முறையைப் பற்றி. எழுத எழுத ஒரே ஒரு ஊர்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நான் விமானப் பராமரிப்புப் படித்து, பரீட்சைகளில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறி, லைசென்ஸ் வாங்கி, பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். இதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது. அந்தப் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி ஸ்டெல்லா ஒரு நாள் சொன்னாள்: "உங்கப்பா பூமிக்கு அடியில போனாரு. நீங்க மேல போறீங்க. தரையில நிக்கற ஆம்பளையே உங்க வம்சத்துல கெடையாதா?"

எங்கள் நிறுவனத்திடம் ஒரே ஒரு விமானம்தான் இருந்தது. நான்கு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எந்த மறைப்பும் கிடையாது. கர்நாடகத்துக் கிராமப்புறங்களில் ஆலைகளும் சுரங்கங்களும் அரசாங்கமும் போட்டு வைத்திருக்கும் சின்னச் சின்ன ஓடுதளங்களை வருடம் ஒரு முறை போய்ப் பார்த்து, விமானம் இறங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பைலட் கேப்டன் பொன்னப்பா. எஞ்சினுக்கும் மற்றதற்கும் நான்.

கேப்டன் குடகுக்காரர். இளமையில் சென்னையில் இருந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். யாரையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார், விமானத்தைக் கழுவ வரும் பையனையும் சேர்த்து. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு விஷயம் பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து எவ்வளவு பிடிக்கவில்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

காலை ஐந்தரைக்கு பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்தில் இருப்போம். புல்லில் பனி நனைந்திருக்கும். இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகை அழுத்தி, எரிபொருளைக் கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் பிடிப்பேன். வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் ஒரு முத்துப்போல உருண்டு நிற்கும். குடுவையை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேப்டனிடம் காட்டுவேன். அவரும் பார்ப்பார். நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக அவர் பார்க்காமல் இருந்ததே இல்லை. பிறகு டாங்கில் குச்சியை விட்டு அளப்பேன். பிறகு சாப்பாட்டு டப்பா உட்பட எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுவேன்.

அதன் பிறகு வேறு உலகம். நகரம் பின்னால் போய்விடும். ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலைப் பிடித்து மின்னும். பாறைக் குன்றுகளின் இடுக்கில் மூடுபனி பால் ஊற்றி வைத்ததுபோலத் தேங்கி நிற்கும். எங்கள் நிழல் கீழே வயல்களின்மேல் ஓடிவரும். ஓடையில் இறங்கும், கரையேறும், ஒரு வீட்டின் கூரைமேல் ஏறி மறுபக்கம் குதிக்கும். எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்க, நானும் கேப்டனும் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் போவோம். தூங்கவில்லை, விழித்திருக்கிறேன் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை அது. குளிர்காலத்தில் வடக்கே போகும்போது மைல் கணக்கில் மிளகாய் காயப் போட்டிருப்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் பூமி சிவப்புப் புடவையை உலர்த்துவதுபோல இருக்கும்.

ஓடுதளம் வந்ததும் கேப்டன் உயரத்தில் ஒரு சுற்று சுற்றுவார், காற்றின் திசை காட்டும் துணிப்பையும் மின்கம்பியும் பார்க்க. பிறகு தாழ இறங்கி, தரையைத் தொடாமல் ஓடுதளத்தின் மேலேயே ஒரு முறை பறப்பார். மூன்றாவது முறைதான் இறங்குவார். இறங்கியதும் செருப்பு, ஷூ எல்லாம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார். மேடும் பள்ளமும் கண்ணுக்கு முந்திக் காலுக்குத் தெரியும் என்பார். நான் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியோடு நடப்பேன். பத்தடிக்கு ஒரு தடவை தரையைத் தட்டுவேன். இது என் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். சுரங்கத்தில் தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்களாம். முதல் தடவை நான் தட்டியபோது கேப்டன் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த பயணத்துக்குக் கம்பியின் எடையையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பிளிகல் என்ற ஊர் துங்கபத்திரைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே மூடிக் கிடந்த ஒரு சிமெண்ட் ஆலையின் ஓடுதளம் எங்கள் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. நோயாளிகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோக விமானம் விடலாமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் சரி என்று எழுதினால் அடுத்த வாரமே ஓர் இரட்டை எஞ்சின் விமானம், எங்களுடையதைப்போல மூன்று மடங்கு கனமானது, டாக்டர்களோடு சோதனைக்கு வந்து இறங்கும்.

கிழக்கிலிருந்து வந்து இறங்கினோம். அவ்வளவு சுத்தமான ஓடுதளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு புல் இல்லை. ஓரத்துக் கற்களுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓடுதளத்தின் முக்கால் பாகத்தை ஓடிக் கடந்து மேற்குப் பக்கம் பழைய கொட்டகை அருகே நின்றோம். கொட்டகை வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைகூப்பி நின்றார். அவர்தான் காவலாளி கங்கம்மா. கணவர் அங்கே காவலாளியாக இருந்து இறந்துபோக, அந்த வேலையை ஆலைக்காரர்கள் இவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே மகள் தாலுகா ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நாங்கள் பேசியதெல்லாம் கன்னடத்தில். தமிழில் எழுதுகிறேன்.

"பதினோரு வருஷத்துல நீங்கதான் மொதல்ல இறங்கியிருக்கீங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. விமானத்தின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா தினமும் பெருக்கறீங்களா?" என்று கேட்டார் கேப்டன்.

"ஹௌதுரீ, ஆமாங்க. ஒரு நாளைக்கு கால் பாகம். நாலு நாள்ல ஒரு சுத்து முடிஞ்சிடும்."

கேப்டன் ஷூவைக் கழற்றினார். நடக்கத் தொடங்கினோம். கங்கம்மா நாலடி பின்னால் வந்தார். நான் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங் என்று கெட்டியான சத்தம். ஓடுதளத்தின் நடுவை நெருங்கும்போது ஒரு தட்டுக்கு சத்தம் மாறியது. பானையின் வயிற்றில் தட்டியதுபோல இருந்தது.

கேப்டன் நின்றார். "இன்னொரு தடவை தட்டுங்க, எட்வின்."

தட்டினேன். அதே சத்தம். குறுக்காக நகர்ந்து தட்டினேன். ஓடுதளத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரு கோடு போட்டதுபோல அதே சத்தம் வந்தது. மேலே தார் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மழமழவென்று இருந்தது. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாகவும் இருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல சார்" என்றார் கங்கம்மா. "மழையில கொஞ்சம் இறங்குச்சு. அவ்வளவுதான்."

சிரிப்பு போய்விட்டிருந்தது.

கொட்டகையில் கடப்பாரை இருந்தது. விளிம்பில் ஓங்கி இரண்டு குத்து குத்தினேன். மூன்றாவது குத்தில் கடப்பாரை என் கையை விட்டு உள்ளே போய்விட்டது. படுத்துக்கொண்டு கையை விட்டுத் துழாவினேன். தோள்வரை போயும் அடி தட்டவில்லை. உள்ளிருந்து குளிர்ந்த ஈரக் காற்று முகத்தில் வந்தது. பழைய மழைநீர்க் குழாய் ஒன்று ஓடுதளத்துக்கு அடியில் குறுக்காகப் போகிறது. அது உடைந்து, வருடக்கணக்காகத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே நின்றது நாலு விரல் தார் மட்டும்.

எழுந்தபோது கேப்டன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கி வைத்த தரையில் எங்கள் சக்கரங்கள் பதித்த மூன்று மெல்லிய கோடுகள், அந்த இடத்தின் குறுக்கே நேராகப் போயிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

இப்போது விமானம் மேற்குப் பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்காலும் கரிசல் மண்ணும், சுற்றிக் கொண்டுபோக வழியில்லை. மேற்குப் பாதிக்குள்ளேயே ஓடி எழும்ப வேண்டும். நான் எட்டு வைத்து அளந்தேன். ஐந்நூற்று இருபது எட்டு. கேப்டன் திரும்பவும் அளக்கச் சொன்னார். ஐந்நூற்றுப் பதினாறு. குறைந்ததையே எழுதிக்கொண்டார். மதிய வெயிலில் காற்று லேசாகிவிடும், எழும்ப அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். எனவே மறுநாள் விடியும்வரை காத்திருப்பது, பாதி எரிபொருளை இறக்கிவிடுவது, அவர் மட்டும் தனியாகப் போவது, நான் கம்பியும் கருவிப்பெட்டியுமாக பஸ்ஸில் வருவது என்று முடிவானது.

சாயங்காலம் எரிபொருளைக் கேன்களில் பிடித்துக்கொண்டிருந்தேன். கங்கம்மா சோள மாவில் தட்டிய ஜோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

நான் நிமிர்ந்தேன்.

"அஞ்சு வருஷமா தெரியும். ஒவ்வொரு மழைக்கும் அங்க குழி விழும். கல்லும் மண்ணும் போட்டு மூடுவேன். ஆலையில தார் டிரம் மிச்சம் கிடந்துச்சு, காய்ச்சி நானே ஊத்துவேன். யாருக்கும் சொல்லல. சொன்னா இதை மூடிடுவாங்க. மூடினா எனக்கு வேலை ஏது? பொண்ணு படிக்கிறா."

"கங்கம்மா, அடுத்த வாரம் பெரிய விமானம் வந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? அதுக்குள்ள டாக்டருங்க இருந்திருப்பாங்க."

"இன்னிக்கு நீங்க இருந்தீங்களே." அவர் குரல் உடைந்தது. "ஆளுங்க உள்ள உக்காந்து வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல சார். பதினோரு வருஷமா வெறும் ரோடுதானே. பெருக்கறது, மூடறது, பெருக்கறது. இன்னிக்கு நீங்க கதவைத் திறந்து இறங்கினப்போதான் உள்ள மனுஷங்கன்னு பாத்தேன். நீங்க கம்பியால தட்டத் தட்ட என் நெஞ்சுல தட்டற மாதிரி இருந்துச்சு. எழுதிக்கோங்க. எம் பேரைப் போட்டே எழுதிக்கோங்க."

கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். மறைக்க எனக்குத் தோன்றியது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எரிபொருள் குடுவையைத் தினமும் இரண்டு பேர் பார்ப்பது எதற்காக? சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நேராகக் கங்கம்மாவிடம் போனார்.

"இதே மாதிரி வேற எங்கெல்லாம் இறங்குதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"காட்டுங்க."

வெளிச்சம் இருக்கும்போதே காட்டினார். கிழக்குப் பாதியில் இரண்டு இடம், கூடவே புதருக்குள் மறைந்திருந்த குழாயின் வாய். என் கம்பி அதுவரை போகவில்லை. அவர் காட்டாவிட்டால் அந்த இரண்டும் எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்திருக்காது.

விடியற்காலையில் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசியது. கேப்டன் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கேட்டு வாங்கி, பள்ளத்துக்கு நூற்றைம்பது எட்டு முன்னால் ஓர் இடத்தை எனக்கும் கங்கம்மாவுக்கும் காட்டினார்.

"இந்த ஓரத்து வாய்க்காலுக்கு அப்பால ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு நில்லுங்க. துணிகிட்ட வரும்போது சக்கரம் தரையில இருந்தா எஞ்சினை அணைச்சுப் பிரேக் போட்டுடுவேன். அதனால துணி அசையக் கூடாது. இதுதான் எனக்குக் கணக்கு." கடைசி வாக்கியத்தைக் கங்கம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

கங்கம்மா துணியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மேற்குக் கோடியில் எஞ்சின் உறுமியது. பிரேக்கில் நிறுத்திவைத்து முழு வேகம் கொடுக்கிறார் என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பிறகு விட்டார். சின்னதாகக் கிளம்பிப் பெரிதாக வந்தது. மூக்குச் சக்கரம் எழும்பியது, மற்ற இரண்டும் எழும்பவில்லை. கங்கம்மாவின் உதடுகள் அசைந்தன. துணிக்கு இன்னும் அறுபது எழுபது எட்டு இருக்கையில் சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அது அகலமானது. எங்களைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, சூரியனுக்குள் போய்விட்டது. சத்தம் அடங்கும்வரை கங்கம்மா துணியை விடவில்லை.

'இறங்கத் தகுதியற்றது' என்று அறிக்கை போனது. காவலாளி பற்றிய கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். கேப்டன் அதில் எழுதினார்: 'பள்ளத்தை இவர் தொடர்ந்து மூடி மறைத்திருக்கிறார். பிறகு தானாகவே ஒப்புக்கொண்டு, கேட்டபோது எங்களுக்குத் தெரியாத இரண்டு இடங்களைக் காட்டினார். இந்தத் தரையை இவரைவிட அறிந்தவர் இல்லை.' மூன்று வாக்கியமும் உண்மை. முதல் வாக்கியத்தை விட்டிருக்கலாமே என்று அப்போது நினைத்தேன். விட்டிருந்தால் மூன்றாவதை யார் நம்பியிருப்பார்கள் என்று பிறகுதான் தோன்றியது.

ஆலைக்காரர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கங்கம்மா மிளகாய் ஆயும் கூலி வேலைக்குப் போகிறார் என்று அந்தப் பக்கம் போன லாரி டிரைவர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள், "டாக்டருங்க உசுரோட இருக்காங்க இல்ல" என்றாள். அது ஆறுதலா கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. அந்த வருடம் முழுவதும் எந்த ஓடுதளத்தில் தட்டினாலும் எனக்கு அவர் நினைவுதான்.

ஒன்றரை வருடம் கழித்து அரசாங்கம் அந்த ஓடுதளத்தை எடுத்துக்கொண்டது. குழாயைத் தோண்டி எடுத்துப் புதிது பதித்தார்கள். வேலை நடக்கும்போது எங்கே தோண்டுவது என்று காட்ட ஆள் தேவைப்பட, அறிக்கையில் இருந்த அந்த மூன்றாவது வாக்கியத்தைப் படித்த பொறியாளர் ஒருவர் கங்கம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் காவலாளியாக அவரையே வைத்துக்கொண்டார்கள்.

மறுபடி நாங்கள்தான் முதலில் இறங்கினோம். கேப்டன் நடந்தார், நான் தட்டினேன், எல்லாம் கெட்டியாகக் கேட்டது. முடிந்ததும் கேப்டன் கங்கம்மாவைப் பார்த்து, "வர்றீங்களா, ஒரு சுத்து?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். முன்னால் கேப்டன் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட்டைக் கட்டிவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டேன்.

தரை விட்டதும் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும். மிளகாய் காயும் காலம். கீழே சிவப்பு, அதற்கப்பால் ஆறு ஒரு வெள்ளிக் கம்பி. அந்த வெளிச்சத்தில் எதுவும் அசையாததுபோல இருந்தது.

"என் ரோடு எங்க?" என்று கேட்டார்.

கேப்டன் இறக்கையைச் சாய்த்தார். பரந்து கிடந்த கரிசலில் ஒரு சின்னக் கோடு.

"இவ்வளவுதானா? இதைப் பெருக்கவா எனக்கு நாலு நாள் ஆகுது?"

பிறகு அவர் சட்டென்று முன்னால் சாய்ந்தார். கோட்டின் மேல் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓடுதளத்தைக் காவல் காக்க வேண்டியவர் எங்களோடு ஆகாயத்தில் இருந்தார். ஊர் ஆடுகள் அதைத் தெரிந்துகொண்டுவிட்டன.

"ஹோய்! ஹோய்! ஹச்சா!" கங்கம்மா ஜன்னல் கண்ணாடியைக் கையால் அறைந்துகொண்டு ஆயிரம் அடி உயரத்திலிருந்து கத்தினார். "யாரோட ஆடுடா அது! சாயங்காலம் வீட்டுக்கு வரேன் இரு!"

கேப்டன் பொன்னப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மூக்குக்கண்ணாடியில் கண்ணீர் படிந்து, அதைக் கழற்றக் கை ஒழியாமல், சிரித்துக்கொண்டே தாழப் பறந்து ஆடுகளை ஓரமாக விரட்டினார். மறு சுற்றில் இறங்கினோம்.

விமானத்தின் மூக்கு விசிறி நிற்கும்வரை கங்கம்மா பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நின்றதும் அவரே கதவைத் திறந்து குதித்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு, ஆடுகளை நோக்கி ஓடினார்.